பொலோஞாவில் கிடைக்காத சாப்பாடு

இத்தாலியில் பொலோஞா என்று ஒரு பழைய நகரம் இருக்கிறது. அதன் பெயரையே வைத்திருக்கும் ஸ்பகெட்டி பொலோனேசே அங்கே கிடையாது. ஒரு கடையிலும் கிடையாது. நானே கேட்டுப் பார்த்தேன். இரண்டு கடைகளில் சிரித்தார்கள். ஒரு கடையில் வாசலைக் காட்டினார்கள்.

இது உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அப்படி இல்லை. ஜேர்மனியில், பீலெஃபெல்டில், ஒரு இத்தாலிய உணவகத்தின் குசினியில் பதினாறு வருடமாக நான் அவித்துக் கொட்டியது அந்தச் சாப்பாட்டைத்தான். பீட்சாவும் போட்டேன், சலாட்டும் வெட்டினேன். ஆனால் சனம் தேடி வந்தது அந்த இறைச்சிக் குழம்பு ஊற்றிய ஸ்பகெட்டிக்கு. கடைப் பலகையிலேயே அந்த நகரத்தின் பெயர்தான் கொட்டை எழுத்தில் இருக்கிறது. முதலாளி சல்வாத்தோரே யார் கேட்டாலும் தான் பொலோஞாக்காரன் என்பார், இது தன் தாயின் கைப்பக்குவம் என்பார். எனக்குச் சமையல் படிப்பித்தவரும் அவர்தான்.

முதலாளிக்கு இப்போது முழங்கால் பழுது. கடையை என்னிடம் தருவதாகச் சொன்னார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கட்டடச் சொந்தக்காரரின் அலுவலகத்தில் கையெழுத்து வைக்க நேரம் குறித்தாயிற்று, ஜேர்மன்காரர் சொல்லும் தெர்மின். என் மனைவி வசந்தி பன்னிரண்டு வருடமாக ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறாள். விடிய நாலு மணிக்கு எழும்ப வேண்டும். நான் கையெழுத்து வைத்தால் அவள் அதை விட்டுவிட்டு எங்கள் கடையின் கவுண்டரில் நிற்கலாம். அதுதான் ஏற்பாடு.

சொந்தக் கடை நடத்தப் போகிறவன் அசலை ஒருதரமாவது தின்று பார்க்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. அகதி வழக்கு இழுபட்ட காலத்தில் எங்களுக்கு மாவட்ட எல்லையைத் தாண்டவே அனுமதி இல்லை. பிறகு அனுமதி வந்தது, நேரம் வரவில்லை. இப்போது கையில் ஜேர்மன் கடவுச்சீட்டு. ஊரில் சமாதான காலம், பாதை திறந்துவிட்டார்கள், எங்கள் சனம் முழுக்க யாழ்ப்பாணத்துக்கு விமானம் ஏறுகிறது. கோயிலில் கண்ட ஒரு அண்ணை கேட்டார், "ஊருக்குப் போகாமல் இத்தாலிக்கோ? அங்க என்ன கிடக்கு?"

"நான் சமைக்கிற சாப்பாடு கிடக்கு" என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம்.

நானும் வசந்தியும் போவது முதலாளிக்கும் விருப்பமில்லை. "பொலோஞா எதுக்கு? கடற்கரைக்குப் போ. பொலோஞாவில எல்லாம் யானை விலை" என்றார். என் செலவை நினைத்துச் சொல்கிறார் என்று நம்பினேன்.

வியாழக்கிழமை ரயிலில் போய்ச் சேர்ந்தோம். எல்லையில் பொலீஸ் ஏறிப் பெட்டி முழுவதையும் ஒருதரம் பார்த்துவிட்டு எங்கள் இரண்டு பேரிடம் மட்டும் கடவுச்சீட்டுக் கேட்டார்கள். அட்டையைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள், திரும்ப அட்டையைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த ஜேர்மன் கிழவர் தன்னுடையதையும் எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றுவிட்டார்கள்.

நகரம் வடிவுதான். அதை மறுக்கமாட்டேன். சிவப்பும் மஞ்சளுமான கட்டடங்கள், தெருவோரம் முழுக்கத் தூண் வைத்துக் கூரை போட்ட நடைபாதை. மழை பெய்தால் குடை வேண்டாம். நடுவில் இரண்டு உயரக் கோபுரங்கள், இரண்டும் சரிந்து நிற்கின்றன. வசந்தி அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஜேர்மனியில எண்டால் இதுக்கு அனுமதி குடுத்திருக்கமாட்டாங்கள்" என்றாள்.

பசியில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பெரிய சதுக்கத்தில், சாப்பாட்டுப் படங்களைப் பலகையில் ஒட்டி வைத்திருந்த கடையில் போய் இருந்தேன். பதினாறு வருடம் குசினியில் நின்றவன் செய்யக்கூடாத காரியம். லசானியா வந்தது. விளிம்பு கொதித்தது, நடு ஐஸாகக் கிடந்தது. அதற்கு முன்பே உள்ளே இருந்து மைக்ரோவேவின் மணிச் சத்தம் கேட்டிருந்தேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? சாப்பாட்டு விலைக்கு மேலே, நாங்கள் அங்கே இருந்ததற்கும் ஆளுக்கு இவ்வளவு என்று பில்லில் போட்டிருந்தான். கேட்காமல் கொண்டுவந்து வைத்த காய்ந்த பாணும் அதற்குள் அடக்கமாம்.

"இருந்ததுக்குக் காசோ?" என்று ஜேர்மன் மொழியில் கேட்டேன்.

வெயிட்டர் தோளைக் குலுக்கினான். "எல்லா இடமும் இப்பிடித்தான்."

"அப்ப நிண்டு திண்டிருப்பன்."

வசந்தி வெளியே வந்து சொன்னாள், "ஆஸ்பத்திரிக் கன்ரீனில மிஞ்சினது இதைவிடத் திறம்."

நின்று சாப்பிடலாம் என்பது பகிடி இல்லை, உண்மை. கோப்பிக் கடையில் மேசையில் இருந்தால் ஒரு விலை, கவுண்டரில் நின்று குடித்தால் அதில் மூன்றில் ஒன்று. அதே கோப்பி, அதே கோப்பை. அன்று தொடக்கம் நாங்கள் நின்றே குடித்தோம். அங்கே போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பஸ்ஸில் மாட்டினோம். டிக்கெட் வாங்கினால் போதாது, உள்ளே இருக்கும் இயந்திரத்தில் குத்தவும் வேண்டும். அது எனக்குத் தெரியும், ஜேர்மனியிலும் சில ஊர்களில் அப்படித்தான். ஆனால் அந்த இயந்திரம் வேலை செய்யவில்லை. நான் நாலு தரம் குத்தினேன். பரிசோதகர் வந்தபோது இயந்திரத்தைக் காட்டினேன். அவர் டிக்கெட்டைக் காட்டினார். பின்னால் இருந்த ஒரு பெண் எழும்பி அவரோடு எங்களுக்காகச் சண்டை பிடித்தாள், அவளுக்குப் பக்கத்தில் நின்றவன் அவளோடு சண்டை பிடித்தான். சத்தம் கூடிக்கொண்டிருக்க எங்கள் தரிப்பு வந்தது, இறங்கிவிட்டோம். ஒருவரும் எங்களைத் தேடவில்லை.

பிறகுதான் நான் வந்த வேலையைத் தொடங்கினேன். தூண் நடைபாதைகளில் நடந்து ஒவ்வொரு கடையாக வாசலில் போட்ட விலைப் பட்டியலை வாசித்தேன். என் சாப்பாடு இல்லை. உள்ளே போய்க் கேட்டேன். முதல் கடையில் சிரித்தார்கள். இரண்டாவது கடையில் வெயிட்டர் குசினிக்குள் தலையை நீட்டி ஏதோ சொல்ல, உள்ளே இருந்தவர்களும் சிரித்தார்கள். மூன்றாவது கடையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதர் மட்டும் சிரிக்கவில்லை.

"அது ஜேர்மன்காரரின்ர சாப்பாடு" என்றார். நல்ல ஜேர்மன் பேசினார். "வேணுமெண்டால் ஜேர்மனிக்குப் போய்ச் சாப்பிடுங்கோ."

"நாங்கள் அங்கயிருந்துதான் வாறம்."

"அப்ப ஏன் வந்தனீங்கள்?" என்று கதவைத் திறந்து பிடித்தார்.

எனக்கு மண்டைக்குள் இரத்தம் ஏறிவிட்டது. யாழ்ப்பாணத்துக்குப் போய் ஒடியற்கூழ் கேட்டவனை, அப்படி ஒன்று கிடையாது, அது பிரான்ஸ்காரன் குடிப்பது என்று சொல்லித் துரத்தினால் எப்படி இருக்கும்? வசந்தி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "இஞ்சருங்கோ, அவையின்ர ஊர். அவைக்குத் தெரியாதே?"

"முதலாளியும் இந்த ஊர்தானே" என்றேன்.

அவள் நடையைக் கூட்டினாள்.

கோபத்தில் நான் வேறெதையும் ஆடர் பண்ணவில்லை. சந்தைப் பக்கத்து ஒடுங்கிய தெருவில் மெல்லிசாகச் சீவிய பன்றி இறைச்சியைச் சூடான பாணுக்குள் வைத்துத் தந்தார்கள். மலிவு, நல்ல சாப்பாடு. பின்னேரம் இன்னொரு வித்தை கண்டோம். ஒரு பானம் வாங்கினால் கவுண்டரில் பரப்பி வைத்த சாப்பாட்டைச் சும்மா எடுத்துச் சாப்பிடலாம். வசந்தி ஒரே ஒரு தோடம்பழச் சாறு வாங்கிக்கொண்டு மூன்று தட்டு நிரப்பினாள். ஜேர்மனியில் ஒரு குவளை குழாய்த் தண்ணீர் கேட்டாலே முகத்தைச் சுளிப்பார்கள். இங்கே மூன்றாவது தட்டுக்குக் கவுண்டரில் நின்ற பெடியன் தானே கரண்டி கொண்டுவந்து கொடுத்தான்.

சனிக்கிழமை காலை திரும்புவதாக இருந்தது. நிலையத்துக்குப் போனால் அறிவிப்புப் பலகை முழுவதும் ரத்து. வேலைநிறுத்தமாம். நாளைக்குத்தான் ரயில். எனக்குத் திங்கட்கிழமைத் தெர்மின் கண்ணுக்குள் நின்றது. கவுண்டரில் இருந்தவரிடம் கத்தினேன். அவர் நிதானமாக, தானும் வேலைநிறுத்தத்தில்தான் இருப்பதாகவும், சும்மா கதைப்பதற்காக அங்கே இருப்பதாகவும் சொன்னார். சுற்றி நின்ற சனத்தில் ஒருவருக்கும் கோபம் இல்லை. பெட்டியின் மேல் இருந்து தோடம்பழம் உரிக்கிறார்கள்.

மத்தியானம் ரயில்வே உடுப்புப் போட்ட ஏழெட்டுப் பேர் நிலையத்துக்குப் பின்பக்கமாக நடந்தார்கள். வேலை செய்யாத ரயில்காரன் மத்தியானத்தில் எங்கே போவான்? சாப்பிடத்தான் போவான். நாங்களும் பின்னால் போனோம்.

பலகை இல்லாத கடை. மேசையில் கடதாசி விரிப்பு. விலைப் பட்டியல் கிடையாது, ஒரு பெண் வந்து வாயால் சொல்கிறாள். எனக்கு விளங்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்த தடித்த ரயில்காரர் ஒருவர் ஸ்டுட்கார்ட்டில் தொழிற்சாலையில் வேலை செய்தவராம், ஜேர்மன் மொழியில் சொன்னார். "பேசாமல் இருங்கோ. எங்களுக்கு வாறது உங்களுக்கும் வரும்."

வந்தது. நாடா மாதிரித் தட்டையான பாஸ்தா, முட்டை மஞ்சள் நிறம். மேலே இறைச்சி. குழம்பு இல்லை. சிவப்பும் இல்லை, கபில நிறமாய், பாஸ்தாவில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஒரு வாய் வைத்தேன். உள்ளிப்பூண்டு இல்லை, வாசனை இலை இல்லை, தக்காளி இருக்கிறதா என்றே தெரியவில்லை. இறைச்சியின் ருசி மட்டும். அடியில் பால் மாதிரி ஏதோ ஒரு இனிப்பு. நான் கரண்டியை வைத்துவிட்டேன். வசந்தி தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"இதுக்கு என்ன பேர்?" என்று ரயில்காரரிடம் கேட்டேன்.

"பேரோ? இதுதான் பொலோஞாச் சாப்பாடு. நீங்கள் அங்க ஸ்பகெட்டியில ஊத்திறது இதை நினைச்சுத்தான்."

நான் எழும்பிக் குசினிக்குள் போனேன். கேட்டுக்கொண்டு போகவில்லை. ஐம்பது வயது மதிக்கலாம், ஒரு பெண் முழங்கை வரை மாவோடு பலகையில் மா உருட்டிக்கொண்டு நின்றாள். ரயில்காரர் என் பின்னால் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். அவள் என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"நீங்கள் ஆர் எண்டு கேக்கிறா."

"நானும் சமையல்தான். ஜேர்மனியில. பொலோனேசே சமைக்கிறன்."

அவள் உருட்டுவதை நிறுத்தினாள். எப்படிச் சமைப்பாய் என்றாள். சொன்னேன். வெங்காயம், உள்ளி, அரைத்த இறைச்சி, பெரிய தகரம் ஒன்று முழுக்கத் தக்காளி, ஒறிகானோ, ஒரு கரண்டி சீனி, இருபத்தைந்து நிமிடம், இறக்கும்போது கிரீம். அவர் ஒவ்வொன்றாக மொழிபெயர்க்க அவள் ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடித் திறந்தாள். கடைசியில் கொஞ்சம் வறுத்த யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளும் தூவுவேன் என்றேன்.

"அதை நான் சொல்லமாட்டன்" என்றார் ரயில்காரர். "அவவின்ர கையில உருளைக்கட்டை கிடக்கு."

யார் படிப்பித்தது என்று அவள் கேட்டாள். என் முதலாளி, இந்த ஊர்க்காரர் என்றேன். சல்வாத்தோரே என்று பெயரைச் சொன்னதும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள். கடை பூட்டின நாளில் அந்த மனிதர் தனக்கென்று என்ன சமைப்பார்?

அது எனக்கு நன்றாகத் தெரியும், எத்தனையோ தரம் அவரோடு இருந்து தின்றிருக்கிறேன். "சாளை மீன். முள்ளெடுத்து, காய்ஞ்ச திராட்சையும் பெருஞ்சீரக இலையும் போட்டு, பாஸ்தாவோட பிரட்டுவார். மேல வறுத்த பாண்தூள்."

மொழிபெயர்த்து முடியுமுன்பே அவள் ஒரு சொல் சொன்னாள். "சிசிலியா."

"நாட்டின்ர மற்ற அந்தம். பேரும் அந்தப் பக்கத்துப் பேர்தான்" என்றார் ரயில்காரர். "கடலுக்கு அங்கால. உங்கட முதலாளி பொலோஞாவில ரயில் மாறியிருப்பார். அவ்வளவுதான்."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். கடதாசி விரிப்பில் ஒரு துண்டைக் கிழித்து, கரட், செலரி, வெங்காயம், மாட்டிறைச்சி, கொழுப்புள்ள பன்றி, வைன், பால், கொஞ்சமே கொஞ்சம் தக்காளி என்று அவள் சொல்லச் சொல்ல ரயில்காரர் எழுதினார். கீழே பெரிதாக மூன்று மணித்தியாலம் என்று எழுதி இரண்டு கோடு போட்டார். இரண்டு பேருக்கும் வைனும் தண்ணீருமாக அந்தச் சாப்பாட்டின் விலை, சதுக்கத்து லசானியா ஒன்றின் விலையைவிடக் குறைவு. இருந்ததற்குக் காசு எடுக்கவில்லை.

வெளியே வந்ததும் வசந்தியிடம் சொன்னேன், "நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

ஞாயிறு ரயிலில் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். மலை வந்தது, சுரங்கம் வந்தது, திரும்ப மலை வந்தது. எல்லை தாண்டியபின் நான் பொறுக்க முடியாமல், "சொல்லித் துலையும்" என்றேன்.

"நான் கடிதம் குடுத்திட்டன்."

"என்ன கடிதம்?"

"வேலையை விடுறன் எண்டு. வெளிக்கிட முதல்நாள்."

இருபது வருடக் குடும்பத்தில் இவள் என்னைக் கேட்காமல் ஒரு மிக்ஸி வாங்கியதில்லை.

"என்னட்டை ஒரு சொல்லுக் கேக்காமலோ?"

"நீங்கள் நேற்று என்னட்டைக் கேட்டே முடிவெடுத்தனீங்கள்?"

"அது பொய்க் கடை, வசந்தி. பலகை பொய், சாப்பாடு பொய், ஆள் பொய். பதினாறு வருசம் நானும் சேர்ந்து சனத்தை ஏமாத்தியிருக்கிறன்."

"ஓம். பொய்தான்" என்றாள். "ஆஸ்பத்திரிக் கக்கூசு பொய்யில்லை. அதை நான் பன்னிரண்டு வருசம் பார்த்திட்டன். இனி ஏலாது."

பிறகு முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே கடைக்குப் போனேன். முதலாளி கதிரையில் காலை நீட்டிக்கொண்டு உள்ளி உரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் சிசிலி" என்றேன்.

அவர் உள்ளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆர் சொன்னது?"

"உங்கட சாளை மீன்."

அப்போதுதான் நிமிர்ந்தார். வெட்கம் கொஞ்சமும் இல்லை. "நான் இந்தக் கடையை வாங்கேக்க பலகை மேல கிடந்தது. ஒரு யூகோஸ்லாவியனிட்டை வாங்கினது. முதல் நாள் ஒருத்தன் கேட்டான், நீ பொலோஞாவோ எண்டு. சிசிலி எண்டன். மாபியாவோ எண்டான், கடை முழுக்கச் சிரிச்சுது. அடுத்த நாள் இன்னொருத்தன் கேட்டான். பொலோஞா எண்டன். ஒருத்தரும் சிரிக்கேல்லை."

"தாயின்ர கைப்பக்குவம்?"

"ஆரின்ர தாய் எண்டு அந்த யூகோஸ்லாவியனைத்தான் கேக்கவேணும். அவன் எழுதித் தந்த கொப்பியில கிடந்தது."

நான் கத்தினேன். தமிழிலும் கத்தினேன், ஜேர்மனிலும் கத்தினேன். அவர் உரித்து முடித்த உள்ளியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, "பத்து மணிக்கு வாறியோ இல்லையோ, அதைச் சொல்லு" என்றார்.

போனேன். வேறென்ன செய்ய? வசந்தி தன்னிடமிருந்த நல்ல மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு அலுவலக வாசலில் நின்றாள். ஒப்பந்தத்தை எழுத்தெழுத்தாக வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தேன். அந்த மேசையிலேயே முதலாளியிடம் சொன்னேன், பலகை கிடக்கட்டும், ஆனால் யாரும் கேட்டால் நான் உள்ளதைத்தான் சொல்லுவேன் என்று. "சொல்லிப் பார்" என்றார்.

கடை என் பெயருக்கு மாறிய முதல் நாள், கடதாசியில் இருந்தபடி சமைத்தேன். விடிய வைத்த சட்டி மத்தியானம்தான் இறங்கியது. ஸ்பகெட்டியின் விலையையே இதற்கும் போட்டுக் கரும்பலகையில் எழுதினேன். முதலில் கேட்டவர் எங்கள் பழைய வாடிக்கைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒவ்வொரு கோடையும் இத்தாலிக்குப் போகிறவர். இரண்டு வாய் சாப்பிட்டார். என்னைக் கூப்பிட்டார்.

"இது என்ன?"

"பொலோஞாவில இப்பிடித்தான் சமைக்கினம். ஸ்பகெட்டி பொலோனேசே எண்டு அங்க ஒண்டும் இல்லை. இப்பதான் போய்ப் பார்த்திட்டு வந்தனான்."

அவர் என் கையில் மெதுவாகத் தட்டினார், நோயாளியைத் தட்டுவது போல. "நீங்கள் பிழையான கடையளுக்குப் போயிருக்கிறீங்கள். அடுத்தமுறை போக முதல் என்னைக் கேளுங்கோ. நான் நல்ல இடம் எழுதித் தாறன்." தட்டைத் தள்ளி வைத்தார். "வழமையானதைத் தாருங்கோ."

எனக்கு வாயில் என்ன வந்தது என்பதை இங்கே எழுத முடியாது. அது வெளியே வருமுன் வசந்தி கவுண்டரை விட்டு வந்துவிட்டாள். ஆசிரியரின் முன்னாலிருந்த தட்டை எடுத்தாள். குசினிக்குக் கொண்டுபோகவில்லை. பக்கத்து மேசையில் வைத்து, கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, ஒரு புதுக் கரண்டியால் சாப்பிடத் தொடங்கினாள். அவசரமில்லாமல் சாப்பிட்டாள். ஆசிரியர் பார்த்துக்கொண்டே இருந்தார். மற்ற மேசைகளும் பார்த்தன. ஒட்டியிருந்த இறைச்சியைப் பாணால் துடைத்து அதையும் வாயில் போட்டாள்.

"நில்லாதைங்கோ" என்றாள் என்னிடம், மென்றபடியே. "அவருக்கு ஸ்பகெட்டியைப் போடுங்கோ."

நான் உள்ளே போய்த் தண்ணீர் கொதிக்க வைத்தேன்.